பெட்டியில் இடமில்லாத பூட்டு

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் செக்கிங் அக்கா. ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறாள். தைத்து வரும் சட்டையை மேஜையில் விரிக்க வேண்டும்; காலர் கோணலா, பட்டன் துளை பிரிந்திருக்கிறதா, உள்ளே நூல் தொங்குகிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருக்காது. நம்மோடு பேசிக்கொண்டே நம் தோளிலிருந்து ஒரு நூலைக் கிள்ளி எடுத்துவிடுவாள். தெருவில் யாராவது சுவர் எழுப்பினால் நின்று பார்த்துவிட்டு, "வலது பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கு" என்பாள். கொத்தனார் முறைப்பார். அவள் போன பிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். தூக்கித்தான் இருக்கும்.

அவள் கணவர் அட்டைப்பெட்டி ஆலையில் ஃபிட்டர். நல்ல கைக்காரர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய கருவிப் பெட்டி மட்டும் குப்பைத் தொட்டி. அந்த ஆலையில் ஃபிட்டர்கள் அவரவர் கருவியை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வைத்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை பாதிதான் இருக்கும் என்பதால் வாரக் கடைசியில் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார். இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகத் திறக்கும் இரும்புப் பெட்டி. நட்டின் தலையில் மாட்டித் திருகும் சாக்கெட், ஸ்பேனர், ஆலன் கீ, உளி, சுத்தியல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். ஒரு சாக்கெட் வேண்டுமென்றால் மொத்தத்தையும் தரையில் கொட்டித் தேடுவார். தேடிய பிறகு திரும்ப அள்ளிப் போடுவார், பாதியை.

கல்யாணமான இரண்டாம் வருடம், அப்படித் தரையில் விட்டுப்போன ஒரு சாக்கெட்டின் மேல் அக்கா காலை வைத்துவிட்டாள். உருண்டு விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

"இந்தக் குப்பைக்கு ஒரு வழி பண்ணலேன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"போறதுன்னா போ. அந்தப் பதினாலாம் நம்பர் சாக்கெட் எங்க உருண்டுச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. மூணு நாளா தேடறேன்."

கட்டுப் போட்ட கையோடு அக்காவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். கருவிகளின் பெயர் ஒன்றும் தெரியாது. பட்டன்களைப் பிரிப்பது போல, பெரியதிலிருந்து சிறியது வரை சாக்கெட்டுகளை ஒரு போர்வையின் மேல் வரிசையாக நிற்க வைத்தாள். அப்படி வைத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

"இது பதிமூணு மாதிரி இருக்கு. ஆனா பதிமூணு இல்ல."

அவர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அது அரை இன்ச். மில்லிமீட்டர் சாக்கெட்டுகளோடு இன்ச் சாக்கெட்டுகள் நாலைந்து கலந்து கிடந்திருக்கின்றன. அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டுத் திருகித் திருகி, போல்ட்டின் தலை மழுங்குகிறதே என்று அவர் இரும்பு விற்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார், வருடக்கணக்காக.

"உன்னை நான் கட்டிக்கிட்டது எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றாராம்.

அன்றிலிருந்து பெட்டி அவளுடையதாகிவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் இரண்டு நிறத்தில் ரப்பர் தகடு வாங்கினாள். அடியில் மஞ்சள், மேலே கறுப்பு. கறுப்புத் தகட்டில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து, கம்பெனியில் துணி வெட்டும் பிளேடால் குழி வெட்டினாள். குழிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் அளவு. இன்ச் என்றால் நீலப் புள்ளி. போகப் போக மொத்தம் ஐம்பத்து மூன்று குழி ஆயிற்று. கருவி இல்லாத குழியில் அடியிலிருக்கும் மஞ்சள் பளிச்சென்று தெரியும். தெரிந்தால், ஒரு சாமான் இன்னும் இயந்திரத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்தை மூடுவதற்கு முன் அவர் பெட்டியை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆலையில் முதலில் சிரித்தார்கள். "ஸ்பேனருக்கெல்லாம் கட்டில் மெத்தை போட்டுக் குடுத்திருக்காங்க அண்ணி" என்று அதிகம் கிண்டல் செய்தவன் நெட்டை. அவரோடு வேலை பார்த்த இன்னொரு ஃபிட்டர். ஆறடிக்கு மேல் இருப்பதால் அந்தப் பெயர். அவரை அண்ணன் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அக்கா பெட்டியை அடுக்குவதை வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போவான்.

இருபது வருடம் ஒரு ஞாயிறு தவறவில்லை. எல்லாவற்றையும் போர்வையில் எடுத்து வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குழியில் வைப்பாள். புதிதாக ஒன்று வாங்கினால் அவர் அன்றைக்கே வந்து அளவு கொடுப்பார். அவள் குழி வெட்டுவாள். அந்த அரை மணி நேரத்தில்தான் இருவரும் அதிகம் பேசிக்கொண்டார்கள் என்று அவர்களுடைய மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பேச்சு பெரும்பாலும் சண்டைதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை, மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர் செத்துப்போனார்.

காகிதத்தை இழுக்கும் இரண்டு பெரிய இரும்பு உருளைகள். அதில் ஒன்றைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உருளைகளுக்கு இடையே உடம்பை நுழைத்து அவர் முடுக்கிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை ஓட்டும் சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இயந்திரம் தெரியாது. திடீரென்று இயந்திரம் ஓடிவிட்டது. எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். தானாக ஓடியதா, யாராவது ஓட்டினார்களா என்று எவரும் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள். அக்கா கையைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கிருந்த ஆள், "வேண்டாம்மா" என்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் "வேண்டாம்மா" என்றார். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் ஆலையின் வேன் தெருவுக்குள் வந்தது. சூப்பர்வைசர் முன்னால் இறங்கினார். பின்னால் நெட்டை, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். கதவுக்கு உள்ளே வைத்தான். அக்கா தண்ணீர் கொடுத்தாள். சூப்பர்வைசர் குடித்தார். நெட்டை சொம்பை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சாமான் ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடும்மா" என்று சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார்.

அக்கா போட்டாள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பவள், அந்த ஒரு தாளைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அதற்குக் கீழே, 'தமக்கு வழங்கப்பட்ட பாதுகாப்புப் பூட்டைப் பயன்படுத்தாமல், தமது சொந்த அலட்சியத்தால் விபத்துக்குள்ளானார்' என்று எழுதியிருந்தது.

மகள்தான் படித்துக் காட்டினாள். வெளியூரில் கல்லூரியில் கடைசி வருடம். விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

"என்ன பூட்டு?" என்றாள் அக்கா.

மகளுக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் வேறொரு ஆலையில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் போய்க் கேட்டு வந்தாள். இயந்திரத்துக்குள் கையை விடும் முன், அதன் மெயின் சுவிட்ச்சில் ஃபிட்டர் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரே வெளியே வந்து திறக்கும் வரை வேறு யாரும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. அதற்கான பூட்டு.

"அப்படி ஒண்ணு அப்பாகிட்ட இருந்துச்சாம்மா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி இருக்கும். அக்கா போர்வையைத் தரையில் விரித்தாள். வந்த நாளிலிருந்து தொடாமல் மூலையில் கிடந்த பெட்டியை இழுத்து வந்து திறந்தாள்.

உள்ளே எல்லாம் அள்ளிப் போட்டபடி கிடந்தது. கல்யாணமான புதிதில் கிடந்தது போலவே. கிரீஸின் மேல் காகிதத் தூசி அப்பியிருந்தது. சில இடங்களில் இருந்தது வெறும் கிரீஸ் அல்ல. அவள் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் கிட்டே வந்தபோது, "நீ தள்ளிப் போ" என்றாள். முப்பத்திரண்டாம் நம்பர் சாக்கெட்டில் ஆரம்பித்தாள். துடைத்தாள், விரிசல் பார்த்தாள், குழியில் வைத்தாள். சாக்கெட்டைத் திருகும் ராட்செட்டின் கைப்பிடி வளைந்திருந்தது. குழிக்குள் போகவில்லை, குறுக்காக வைத்தாள். பத்தொன்பதாம் நம்பர் சாக்கெட் வரவேயில்லை. அதன் குழியில் மஞ்சள் தெரிந்தது. மற்றதெல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின.

கடைசியில் போர்வையின் மேல் ஒரு பொருள் மிஞ்சியது. கைக்குள் அடங்கும் சிவப்புப் பூட்டு. புத்தம் புதிது. மேலே ஒரு கீறல் கிடையாது. கடையில் கட்டிய மெல்லிய கம்பியில் சாவி இரண்டும் சேர்ந்தே தொங்கின.

அக்கா அதை மேல் தட்டில் வைத்து மூடிப் பார்த்தாள். மூடி இறங்கவில்லை. அடுத்த தட்டில் வைத்தாள். தட்டு மடங்கவில்லை. அடிப்பெட்டியில் சுத்தியலுக்கும் உளிக்கும் நடுவே விரல் நுழையக்கூட இடம் இல்லை.

"இது அவரோடது இல்ல" என்றாள்.

"அம்மா, விடு. அப்பா திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டார்."

"அப்புறம் என்ன?"

"அவர் எப்படிப் போனார்னு எவனோ எழுதறான். அதை நான் படிச்சிட்டு மடிச்சு வெச்சுக்கணுமா?"

அக்கா கையெழுத்துப் போட்ட தாளின் நகலை மகள் தேடி எடுத்து வந்தாள். ஒப்படைத்த சாமான்களின் பட்டியல். பதினோராவது வரியில், 'சிவப்புப் பூட்டு ஒன்று, சாவி இரண்டு.' அடியில் அக்காவின் கையெழுத்து.

மகள் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிப் போட்டாள். விசாரணை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீளமான மேஜை, சத்தம் போடும் மின்விசிறி, சுவர் ஓரமாகக் கயிற்றில் கட்டிய கோப்புகள். அம்மாவும் மகளும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றினார்கள். விசாரணை அதிகாரி களைத்த முகம் கொண்ட மனிதர். ஆனால் குறுக்கே பேசாமல் கேட்டார். அக்கா பெட்டியைத் திறந்து, ஐம்பத்து மூன்று குழியையும் காட்டி, பூட்டை எந்தத் தட்டில் வைத்தாலும் மூடாது என்பதைச் செய்து காட்டினாள். அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தானும் ஒருமுறை மூடிப் பார்த்தார்.

ஆலையின் வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க அடுக்கினது ஞாயிற்றுக்கிழமை. விபத்து நடந்தது புதன்கிழமை. நடுவுல திங்கள், செவ்வாய் இருக்கு. அந்த ரெண்டு நாள்ல கம்பெனி பூட்டு குடுத்திருந்தா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"புதுசா எது வந்தாலும் அன்னைக்கே வந்து சொல்லுவார். குழி வெட்டணுமே."

"சொல்லுவார்னு நீங்க சொல்றீங்க."

"ஆமா."

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"பதினோராவது வரியைக் கொஞ்சம் படிங்க."

அக்கா படித்தாள்.

அதிகாரி பூட்டைக் கையில் எடுத்து, "சாவி ரெண்டும் கடையில கட்டின கம்பியிலயே இருக்கே" என்றார். அக்காவுக்கு ஒரு நொடி மூச்சு வந்தது.

"அதைத்தான் நாங்களும் சொல்றோம் சார்" என்றார் வக்கீல். "குடுத்த பூட்டை அவர் ஒரு தடவை கூடத் திறக்கல."

அவ்வளவுதான். அன்றைய விசாரணை முடிந்தது. பெட்டியை ஆதாரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி, மூடியின் மேல் ஒரு தாளை ஒட்டி உள்ளே எடுத்துப் போனார்கள். அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார்.

"உங்களை நம்பலேன்னு இல்லம்மா. ஆனா எழுதறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். அங்க வேலை பார்க்கற ஒருத்தர் வந்து, பூட்டே தரலேன்னு சொல்லணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

அடுத்த சனிக்கிழமை காலை அக்கா நெட்டையின் வீட்டுக்குப் போனாள். டயர்க் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. நெட்டையின் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள்.

"அவர் ஊர்ல இல்லக்கா."

உள்ளே இருந்து, "வரட்டும் விடு" என்று குரல் வந்தது.

நெட்டை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. பக்கத்துச் சுவரில் கைக்கு எட்டும் வரை சுண்ணாம்பு நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. அக்கா எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, உங்களுக்கெல்லாம் பூட்டு குடுத்தாங்களா?"

அவன் மறுபடியும் சுவரை நகத்தால் சுரண்டினான்.

"எவனுக்கும் குடுக்கல அண்ணி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தா காட்டறதுக்கு ஆபீஸ்ல ஒண்ணு மாட்டி வெச்சிருந்தாங்க. அது பழசு. உங்க பெட்டியில வந்தது ஸ்டோர்ல இருந்து எடுத்தது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியில போட்டது நான்தான்."

இதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். அடுத்ததை எதிர்பார்க்கவில்லை.

"பொத்தானை அழுத்தினதும் நான்தான் அண்ணி."

குழந்தை அழ ஆரம்பித்தது. நெட்டையின் மனைவி அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். நெட்டை தரையைப் பார்த்தபடியே சொன்னான். ஷிஃப்ட் முடிகிற நேரம். லாரி காத்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வந்து, "ஓட்டுடா, லோடு நிக்குது" என்றார். "அண்ணன் வெளிய வந்துட்டாரா சார்?" என்று இவன் கேட்டான். "வந்துட்டார், நான் பார்த்தேன்" என்றார். இவன் அழுத்தினான். சத்தம் மாறியதும் நிறுத்தினான். நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்புறம் சூப்பர்வைசர் பூட்டைக் கையில குடுத்தார் அண்ணி. 'பூட்டு இருந்துச்சு, அந்தாள் போடலேன்னா யார் மேலயும் தப்பு இல்ல. பூட்டே இல்லேன்னா, அழுத்தினவன் நீ. யோசிச்சுக்கோ'ன்னார். கீழ சிதறினதையெல்லாம் நான்தான் பொறுக்கினேன். எது எங்க போகும்னு எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் பார்த்திருக்கேன். ஆனா அடுக்க முடியல. அப்படியே அள்ளிப் போட்டுட்டேன்."

அக்கா எழுந்தாள். மூலையில் இருந்த குடத்திலிருந்து தானே தண்ணீர் மொண்டு குடித்தாள். திரும்பி வந்து உட்காரவில்லை.

"இதை அங்க வந்து சொல்லு" என்றாள்.

"அக்கா" என்றாள் நெட்டையின் மனைவி. "இவர் வந்து சொன்னா இவரைத் தூக்கி உள்ள போட்டுடுவாங்க. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

இந்த இடத்தை அக்கா என்னிடம் சொல்லும்போது எதையும் பூசி மெழுகவில்லை. 'பாவமாக இருந்தது' என்றோ, 'மனசு கேட்கவில்லை' என்றோ சொல்லவில்லை. அப்போது பாவமாக இல்லை என்றுதான் சொன்னாள்.

இரண்டாவது விசாரணைக்கு நெட்டை வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். தாடியை எடுத்திருந்தான். உள்ளே கூப்பிட்டதும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பூட்டு தராதது, பொத்தானை அழுத்தியது, சூப்பர்வைசர் சொன்னது, பெட்டியில் போட்டது. இரண்டு இடத்தில் அதிகாரி அவனை நிறுத்தி, "மெதுவா சொல்லு, எழுதணும்" என்றார். சூப்பர்வைசர் எழுந்து, "நான் அப்படி எதுவும் சொல்லல சார். பயத்துல அவனா போட்டிருப்பான்" என்றார். ஸ்டோர் பதிவேட்டைக் கேட்டார்கள். விபத்து நடந்த அன்று மாலை ஒரு பூட்டு எடுத்ததாக எழுதியிருந்தது. எடுத்தவர் என்ற இடத்தில் நெட்டையின் கையெழுத்துதான் இருந்தது. "அதையும் சூப்பர்வைசர்தான் போடச் சொன்னார் சார்" என்றான் அவன்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஃபிட்டருக்குப் பாதுகாப்புப் பூட்டு வழங்கப்படவில்லை, விபத்துக்கு அவருடைய அலட்சியம் காரணமல்ல என்று எழுதியிருந்தார்கள். ஆலைக்கு அபராதம். ஆள் வெளியே வந்ததைத் தன் கண்ணால் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டியதற்காகவும், பொய்யான ஆதாரத்தை வைத்ததற்காகவும் நெட்டையின் மேல் போலீஸ் வழக்கு. சூப்பர்வைசர் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அவரை வேறொரு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு அறை இன்னும் பெரிது என்று கேள்வி.

தீர்ப்பு நகலை மகள் உரக்கப் படித்தாள். 'அலட்சியம் காரணமல்ல' என்ற வரியை அக்கா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். வாங்கி மடித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"அன்னைக்காவது தூங்கினியாக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா தூங்கினேன். அதுதான் எனக்கே பயமா இருந்துச்சு."

நெட்டை பத்து மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்த பிறகு எந்த ஆலையும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். அந்த உயரத்துக்குக் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. வீட்டில் விளக்குச் சுவிட்ச்சைக்கூட அவன் தொடுவதில்லையாம். மனைவி வந்து போடும் வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பான் என்று சொல்கிறார்கள்.

அந்த ஆலையில் இப்போது ஒவ்வொரு ஃபிட்டருக்கும் நம்பர் அடித்த பூட்டு உண்டு.

கருவிப் பெட்டி திரும்பி வரவில்லை. முதல் தடவை போனபோது, "வழக்கு முடியட்டும்மா" என்றார்கள். வழக்கு முடிந்து போனபோது வேறொரு குமாஸ்தா இருந்தார். உள்ளே போய் அரை மணி நேரம் தேடிவிட்டு வந்து, "அந்த ரூமை மாத்தினப்ப எங்க வெச்சாங்கன்னு தெரியல. எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அக்கா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு போகவில்லை. மகள் படிப்பை முடித்து வெளியூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே போய்விடுகிறாள். வீட்டில் இருந்தால் மதியம் இரண்டு மணிக்குக் கை எதையாவது தேடுகிறது என்று சொன்னாள்.

நெட்டை உள்ளே போன மூன்றாம் மாதம், அவன் மனைவி அதே ஆடைக் கம்பெனியில் வேலைக்கு வந்தாள். குழந்தையைத் தன் தங்கையிடம் விட்டிருந்தாள். வேலை எங்கே கிடைத்தாலும் சரி என்று வந்தவளை செக்கிங்கில் போட்டார்கள். எந்த மேஜையில் ஆள் குறைகிறதோ அங்கே உட்கார வைப்பது வழக்கம். அக்காவுக்கு எதிர் இருக்கை காலியாக இருந்தது.

இரண்டு மாதம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரி வேண்டுமென்றால் கையை நீட்டுவார்கள், மற்றவள் தள்ளுவாள். கூட வேலை செய்பவர்களுக்கு விஷயம் தெரியும் என்பதால் அந்த மேஜைப் பக்கம் யாரும் சிரித்துக்கூடப் பேசுவதில்லை. ஒரு நாள் மாலை டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போய்விட, இவர்கள் இருவர் மட்டும் மேஜையிலேயே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உங்க இடத்துல இருந்தா நானும் கேட்டிருப்பேன்" என்றாள் நெட்டையின் மனைவி, டீயைப் பார்த்துக்கொண்டே. "அது எனக்குத் தெரியும்க்கா. ஆனாலும் உங்களைப் பார்த்தாலே எரியுது."

"எரியட்டும்" என்றாள் அக்கா. "எனக்கும் உன்னைப் பார்த்தா எரியுது. நீ வந்த அன்னைக்கே, வேற மேஜைக்கு மாத்திடுங்கன்னு கேக்கப் போனேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"இன்சார்ஜ் அன்னைக்கு லீவு."

"மறுநாள் வந்திருப்பாரே."

"வந்தார். மறுநாள் கேக்கத் தோணல."

மணி அடித்தது. இருவரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சட்டைக் கட்டைப் பிரித்தார்கள்.